7 வயதில் தொடக்கம், 22-ல் ஓய்வு: ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒரு குழந்தையிடம் என்ன கேட்கிறது?

2016 ஆகஸ்ட் 20, ரியோ ஒலிம்பிக்ஸ். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் இறுதிப் போட்டி. நான்கு சுற்றில் இரண்டு முடிந்தபோது முதலிடத்தில் இருந்தவர் ரஷ்யாவின் யானா குத்ரியாவ்த்சேவா. 2013, 2014, 2015 என்று வரிசையாக மூன்று முறை உலக சாம்பியன். மூன்றாவது சுற்றில் ஆட்டம் முடியப்போகிற நேரம், மேலே எறிந்த கிளப் கைக்குச் சிக்காமல் கீழே விழுந்தது. அவ்ளோதான், தங்கம் போச்சு.

அந்தத் தங்கம் போனது இன்னொரு ரஷ்ய வீராங்கனை மார்கரிட்டா மாமுனுக்கு. அவருடைய மொத்தப் புள்ளி 76.483, யானாவுக்கு 75.608. முந்தைய இரண்டு உலக சாம்பியன்ஷிப்களிலும் யானாவுக்குப் பின்னால் இரண்டாமிடத்தில் நின்றவர் மாமுன். அப்போது அவருக்கு வயது 20, யானாவுக்கு 18.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2017 ஜனவரியில் யானா ஓய்வு பெற்றார். வயது 19. அதே ஆண்டு நவம்பரில் மாமுனும் ஓய்வை அறிவித்தார். வயது 22. நம்ம ஊரில் பலர் முதல் வேலைக்கு ரெஸ்யூமே தயார் செய்கிற வயது அது. உலகத்தின் முதல் இரண்டு இடத்தில் இருந்தவர்களுக்கு அதற்குள் கேரியரே முடிந்துவிட்டது.

மாஸ்கோவில் நடந்த கதை மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு எதற்கு என்று தோன்றலாம். 2036 ஒலிம்பிக்ஸை நடத்த விரும்புவதாக இந்தியா 2024 அக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. அந்த ஒலிம்பிக்ஸில் 18 வயதில் இறங்க வேண்டிய பெண் 2018-ல் பிறந்திருக்க வேண்டும். அதாவது, அவள் இப்போதே ஏதோ ஒரு ஆரம்பப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறாள். அது அழகர்கோவில் பக்கத்துப் பள்ளியாகவும் இருக்கலாம். அவளைத் தேடிப் போவதற்கு முன்னால், இந்த விளையாட்டு அவளிடம் என்ன கேட்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

கையில் கர்லாக்கட்டையின் தங்கச்சி

தீபா கர்மாகர் ஆடினாரே, ஓடி வந்து வால்ட் மேஜையில் கை ஊன்றிப் பறப்பது, அது ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ். ரிதமிக் வேறு. 13 மீட்டருக்கு 13 மீட்டர் விரிப்பு, பின்னணியில் இசை, கையில் ஒரு கருவி. தனிநபர் போட்டியில் வளையம், பந்து, கிளப்ஸ், ரிப்பன் என நான்கு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆட்டம், ஒரு ஆட்டம் 75 முதல் 90 விநாடி. கருவி ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எறிந்துவிட்டு, அது மேலே இருக்கும்போதே உருண்டு, சுழன்று, பார்க்காமல் பிடிக்க வேண்டும். சீனியர் ரிப்பனின் நீளம் 6 மீட்டர். அதில் ஒரு முடிச்சு விழுந்தால் கதை கந்தல். ஒலிம்பிக்ஸில் இது பெண்களுக்கு மட்டுமான போட்டி, 1984-ல் இருந்து இருக்கிறது.

அந்தக் கிளப்ஸுக்கு நம்ம பக்கம் ஒரு பூர்விகம் உண்டு. இந்திய உடற்பயிற்சிக் கூடங்களில் கர்லாக்கட்டை சுற்றுவதைப் பார்த்த பிரிட்டிஷ் ராணுவத்தினர் 19-ம் நூற்றாண்டில் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது இளைத்து இளைத்து, ஒன்று 150 கிராம் எடையுள்ள ஜோடிக் குச்சியாகிவிட்டது. கட்டை இங்கிருந்து போனது, பதக்கம் மட்டும் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

கஷ்டம் எங்கே என்றால், உடம்பில். முதுகும் இடுப்பும் அந்த அளவுக்கு வளைய, எலும்பும் தசைநாரும் இறுகுவதற்கு முன்பே பயிற்சி தொடங்க வேண்டும். ஐந்து, ஆறு வயது என்பது வழக்கம். பத்து வயதில் ஆர்வம் வந்து சேர்ந்தால், பொழுதுபோக்காக ஆடலாம், ஒலிம்பிக்ஸ் கனவு கிட்டத்தட்ட மூடிய கதவு. சீனியர் போட்டிக்கு வர 16 வயது ஆக வேண்டும். ஆக, பத்து வருஷம் உழைத்தால் நாலைந்து வருஷம் மேடை.

ரஷ்யா எப்படி ஜெயித்தது?

2000 சிட்னியில் யூலியா பார்சுகோவா, 2004 ஏதென்ஸில் அலினா கபாயேவா, 2008-லும் 2012-லும் எவ்கேனியா கனாயேவா, 2016-ல் மாமுன். ஐந்து ஒலிம்பிக்ஸ், தனிநபர் தங்கம் ஐந்தும் ரஷ்யாவுக்கு. இதில் கனாயேவா மட்டும்தான் தனிநபர் பிரிவில் இரண்டு முறை தங்கம் வென்றவர். அவரும் 2012 முடிவில், 22 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார்.

இதற்குப் பின்னால் இரண்டு விஷயங்கள். ஒன்று, சோவியத் காலத்தில் இருந்தே ஊருக்கு ஊர் அரசு விளையாட்டுப் பள்ளிகள். சின்ன வயதிலேயே ஏராளமான பிள்ளைகளைச் சேர்ப்பது, வருஷா வருஷம் வடிகட்டுவது. இன்னொன்று, மாஸ்கோ அருகே நோவோகோர்ஸ்க் பயிற்சி மையமும் அதை ஆண்ட தலைமைப் பயிற்சியாளர் இரினா வீனரும். ஒரு பெண் தடுக்கி விழுந்தால், அதே அளவு திறமையுள்ள அடுத்தவர் வரிசையில் தயார். யானா கிளப்பைத் தவறவிட்டும் ரஷ்யாவுக்குத் தங்கமும் வெள்ளியும் கிடைத்தது இப்படித்தான். நாட்டுக்கு நஷ்டம் இல்லை. நஷ்டம் யானாவுக்கு மட்டும்.

மாமுனின் கதை நமக்குக் கொஞ்சம் பக்கத்து வீட்டுக் கதை. அப்பா அப்துல்லா அல் மாமுன் வங்கதேசத்தின் ராஜ்சாஹியைச் சேர்ந்த மெரைன் இன்ஜினீயர். அம்மா அன்னா முன்னாள் ரிதமிக் வீராங்கனை. மார்கரிட்டா 1995-ல் மாஸ்கோவில் பிறந்தார், ஏழு வயதில் பயிற்சிக்குப் போனார். சிறுமியாக இருந்தபோது கொஞ்ச காலம் வங்கதேசத்துக்காகவும் ஆடியிருக்கிறார். வீனர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'வங்கப் புலி'.

ரியோவுக்கு முந்தைய மாதங்களில் அவரைப் பின்தொடர்ந்து போலந்து இயக்குநர் மார்த்தா புருஸ் ஒரு ஆவணப்படம் எடுத்தார். 'ஓவர் தி லிமிட்', 2017-ல் வெளிவந்தது. பயிற்சிக் கூடத்தில் மாமுன் வாங்கும் திட்டைப் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு கனக்கும். அதே சமயம் அப்பாவுக்குப் புற்றுநோய். அந்தத் துக்கத்தைக்கூட ஓரமாக வைத்துவிட்டு விரிப்பில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். தங்கம் வென்று ஒரு வாரம் ஆவதற்குள், ஆகஸ்ட் 26 அன்று அப்பா இறந்துபோனார்.

திட்டினால்தான் பிள்ளை தேறும் என்று நம்புகிற பெற்றோர் இங்கே நிறைய. அவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, 'பாருங்க, ஜெயிச்சிட்டாள்ல?' என்று கேட்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதே திட்டையும் அதே பட்டினியையும் தாங்கிவிட்டு, பதக்கமும் இல்லாமல் 14 வயதில் வடிகட்டப்பட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகளை யாரும் படம் எடுக்கவில்லை.

பட்டினி என்பது அலங்கார வார்த்தை இல்லை. 2022-ல் இத்தாலியின் முன்னாள் வீராங்கனைகள் நினா கொராதினி, அன்னா பாஸ்தா இருவரும், உடல் எடையை வைத்துத் தங்களை எப்படி அவமானப்படுத்தினார்கள் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டில் விசாரணைகள் தொடங்கின. ரஷ்யாவை மட்டும் கைகாட்டித் தப்பிக்க முடியாது. சின்ன உடம்பு, நீளக் கால், மெலிந்த இடுப்பு என்று ஒரு அளவை விளையாட்டே கேட்கும்போது, எந்த நாட்டிலும் தராசு ஆயுதமாகிவிடும்.

இன்னொரு செய்தி. அந்த ரஷ்யப் பாணி இல்லாமலும் தங்கம் வந்துகொண்டிருக்கிறது. 2021 டோக்கியோவில் இஸ்ரேலின் லினோய் அஷ்ராம் ரஷ்யாவின் தொடர் வெற்றியை உடைத்தார். 2024 பாரீஸில் ரஷ்யர்கள் களத்திலேயே இல்லை. அங்கே ஜெர்மனிக்காகத் தங்கம் வென்ற தார்யா வர்ஃபோலோமேயெவ் பிறந்தது மட்டும் ரஷ்யாவின் பர்னாவுலில். 12 வயதில் ஜெர்மனிக்குப் போனவர்.

அதே ரியோ, அகர்தலா பெண்

மாமுன் தங்கம் வெல்வதற்கு ஆறு நாள் முன்பு, ஆகஸ்ட் 14 அன்று, அதே நகரில் தீபா கர்மாகர் வால்ட் இறுதிப் போட்டியில் நின்றார். 15.066 புள்ளி. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜியூலியா ஸ்டெயின்க்ரூபருக்கு 15.216. வித்தியாசம் 0.150. நாலாவது இடம். ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அவர். ஆடிய வித்தைக்குப் பெயரே ரஷ்ய வீராங்கனை எலேனா புரதுனோவாவின் பெயர்தான். தப்பாக இறங்கினால் கழுத்து போகும் என்று பல நாட்டு வீராங்கனைகள் தொடப் பயந்த வால்ட்.

தீபாவுக்குப் பின்னால் நோவோகோர்ஸ்க் கிடையாது. தட்டைப் பாதத்தோடு ஆறு வயதில் பயிற்சிக்கு வந்தவர். பழைய ஸ்கூட்டர் உதிரி பாகங்களை வைத்துச் செய்த ஸ்பிரிங்போர்டில் குதித்துப் பழகினார். கோச் பிஷ்வேஷ்வர் நந்தி கடைசி வரை ஒருவரே. இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனமோ கோஷ்டிச் சண்டையில் பல வருஷம் மத்திய அரசின் அங்கீகாரமே இல்லாமல் கிடந்தது.

ஆனால் தீபாவின் கேரியர் 22-ல் முடியவில்லை. 2017-ல் முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சை. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் உலக சேலஞ்ச் கோப்பைத் தங்கம். 2021-ல் எடுத்த சாம்பிளில் தடைசெய்யப்பட்ட ஹைஜெனமைன் இருந்ததால் 21 மாதத் தடை. தடை 2023 ஜூலையில் முடிந்தும், அந்த ஆண்டு ஆசிய விளையாட்டுக்கு அவரை அனுப்பவில்லை. 2024 மே, தாஷ்கண்ட்டில் ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட் தங்கம், இந்தியாவுக்கு அதுவே முதல் முறை. அக்டோபரில் ஓய்வு, 31 வயதில். இடையில் அரசியல் அறிவியலில் எம்.ஏ. படித்தார், திரிபுரா அரசின் விளையாட்டுத் துறையில் வேலையும் இருந்தது.

வசதி இல்லாததைப் புகழ வேண்டியதில்லை. நல்ல வால்ட் மேஜையும் நல்ல பிசியோவும் இருந்திருந்தால் அந்த 0.150 எங்கே போயிருக்கும் என்று யாரும் கேட்கலாம். ஆனால் ஒரு விஷயம் அவருக்கு வாய்த்தது. விளையாட்டு முடிந்த மறுநாள் காலையில் அவர் யாராகவும் இல்லாமல் எழுந்திருக்க வேண்டிய நிலைமை இல்லை.

ரேவதிக்குத் திறந்த கதவு

மதுரைக்குத் தெரிந்த ஒலிம்பிக் கதை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியுடையது. பெற்றோரை இழந்து, கூலி வேலை பார்த்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். வெறுங்காலில் ஓடியவரைப் பள்ளிப் போட்டி ஒன்றில் கோச் கண்ணன் பார்த்தார். லேடி டோக் கல்லூரியில் படிப்பு, பிறகு ரயில்வே வேலை, டோக்கியோவில் 4x400 கலப்பு ரிலே. ஓட்டத்தில் அது நடக்கும். பிளஸ் டூ படிக்கும்போது கண்டுபிடித்தாலும் நேரம் இருக்கிறது. அந்த வயதில் முடிவெடுப்பதும் அந்தப் பெண்ணே.

ரிதமிக்கில் அது நடக்காது. அழகர்கோவிலில் இருந்து ஒரு ஆறு வயதுப் பிள்ளை தினமும் பஸ் ஏறி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, புதூர் தாண்டி ரேஸ் கோர்ஸ் மைதானம் வந்து போவது என்றால், கூட அம்மாவோ பாட்டியோ வர வேண்டும். அதாவது, ஒருத்தரின் அரை நாள் கூலி. முடிவெடுப்பது பிள்ளை இல்லை, வீடு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்தன. ஜிம்னாஸ்டிக்ஸும் இருந்தது, மல்லர் கம்பமும் இருந்தது, சிலம்பம் காட்சிப் போட்டியாக வந்தது. ஆர்வத்துக்குக் குறைவில்லை. அகாடமிகளும் இனி முளைக்கும், 2036 என்று போர்டு மாட்டிக்கொண்டு.

அப்படி ஒரு அகாடமி வாசலில் நிற்கும் பெற்றோர் கேட்க வேண்டியது 'எப்ப மெடல் வரும்?' என்பதை அல்ல. எடை பார்க்கிறவர் கோச்சா, டாக்டரா? பிள்ளை தனியாக யாரிடம் புகார் சொல்லலாம்? பயிற்சிக் கூடத்துக்குள் பெற்றோர் வர அனுமதி உண்டா? பள்ளி நேரத்தில் எவ்வளவு போகும்? இதற்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில், கூரையில் எத்தனை கொடி பறந்தாலும், பிள்ளையை விட வேண்டாம்.

அரசுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, நல்ல திட்டம். ஆனால் அதன் வாசலுக்கு வர பெரிய போட்டிச் சான்றிதழ் வேண்டும். நூறு பிள்ளைகளை ஆறு வயதில் எடுத்து வடிகட்டுகிற விளையாட்டில், 95 பேருக்கு அந்தச் சான்றிதழ் வராது. முதுகு வலியும் விட்டுப்போன வகுப்புகளும் மட்டும் வரும். அவர்களுக்கான கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, பயிற்சியாளராகவோ நடுவராகவோ மாறுவதற்கான படிப்பு, இதையெல்லாம் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும். மெடல் வந்த பிறகு கொடுக்கும் கோடியில் இருந்து ஒரு பகுதியை முன்கூட்டியே எடுத்து வைத்தால் போதும்.

யானா குத்ரியாவ்த்சேவா கிளப்பைத் தவறவிட்டபோது அவர் பல வருஷம் காலில் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்தவர். ஐந்து மாதத்தில் அவர் ஓய்வு பெற்றபோது ரஷ்ய அணியில் அடுத்த பெயர்கள் தயாராக இருந்தன.