கர்நாடகப் போரில் சிறந்த சேனாபதி யார்?

நல்லவாட்டு வாலிபர் சிலரிடையே கொஞ்ச நாட்களாக ஒரு விவாதம் நிகழ்ந்து வருகிறதாம். 1749 முதல் 1754 வரையில் கர்நாடக தேசத்தை அலைக்கழித்த யுத்தத்தில் தலைசிறந்த சேனாபதி யார் என்பதே விஷயம். ஒரு சாரார் கிளைவ் என்கின்றனர். மற்றொரு சாரார், புதுச்சேரி மண்ணின் அபிமானத்தாலோ என்னவோ, புஸ்ஸி என்று சாதிக்கின்றனர். ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் பெயரை ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னாராம். நம்மவருள் ஒருவர் பெயரேனும் அந்த விவாதத்தில் எழவில்லை என்று கேட்டபோது நமக்கு வியப்பு உண்டாகவில்லை, வருத்தமே உண்டாயிற்று. விவாதத்தை நம் அபிப்பிராயத்திற்கு விட்டிருக்கிறார்கள். ஆதலின் சொல்கிறோம்.

நல்லவாட்டார் இவ்விஷயத்தில் கருத்துக் கொள்ளுவது முற்றும் பொருத்தமே. வில்லியனூர், பாகூர்ச் சீமைகள் புதுச்சேரியைச் சேர்ந்ததே அந்த யுத்தத்தின் விளைவு. 1749-இல் சந்தா சாகிப் தமக்கு ஆர்க்காட்டு நவாபு பட்டம் வாங்கிக் கொடுத்த பிரெஞ்சுக்காரருக்குக் கூலியாக எழுதிக்கொடுத்த கிராமங்கள் அவை. உழுது பயிரிட்ட குடிகளை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் பாகூர்ப் பக்கத்தில் ஒரு வயல் புதுச்சேரியிலும் அடுத்த வயல் கடலூர் ஜில்லாவிலும் கிடப்பதைக் காண்பவர், அது எந்த யுத்தத்தின் தழும்பு என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

முதற்கண் ஒரு சட்டப் பிரச்னையைத் தீர்த்துவிட வேண்டும். பாடப்புத்தகங்கள் இதனை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த யுத்தம் என்கின்றன. அது தவறு. 1748-இல் எக்ஸ்-லா-ஷாப்பேல் உடன்படிக்கையால் இவ்விரு தேசங்களும் சமாதானம் செய்துகொண்டுவிட்டன. அதன்பின் ஆறு வருஷம் இங்கே ஒருவரையொருவர் கொன்றுகொண்ட வெள்ளைக்காரர், சட்டப்படி, இரண்டு நவாபுகளின் உதவிப் படைகள்தாம். ஒரு பக்கம் பழைய நவாபு தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப். மறு பக்கம் அன்வருத்தீனின் மகன் முகமது அலி. வழக்கு வாரிசு வழக்கு. வாதியும் பிரதிவாதியும் இந்நாட்டார். போர்க்களத்தில் விழுந்தவரிற் பெரும்பாலோரும் இந்நாட்டாரே. உள்நாட்டுப் போர் என்பதற்கு இதனினும் வேறு இலக்கணம் உண்டோ?

சந்தா சாகிப் கையாலாகாதவர் அல்லர். மராட்டியரிடம் 1741 முதல் ஏழு வருஷம் சிறையிருந்து மீண்டு, மறு வருஷமே, 1749 ஆகஸ்டில், ஆம்பூரில் அன்வருத்தீனை வீழ்த்தியவர். ஆனால் வெற்றிக்குப் பின் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். முகமது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடி ஒளிந்திருக்கிறார், கோட்டை பழுது, கைவசம் படை இல்லை. அப்பொழுதே அங்கே பாய்ந்திருந்தால் யுத்தம் அந்த வருஷமே முடிந்திருக்கும். சந்தா சாகிபோ தஞ்சாவூர் வாசலில் போய் உட்கார்ந்தார், பணம் கேட்டார். எழுபது லட்சம் ரூபாய் என்று பேசி, பிரதாபசிங் மகாராஜா பழைய பாத்திரமும் செல்லாத நாணயமுமாகச் சிறிது சிறிதாக நிறுத்துக் கொடுத்துக் காலத்தைக் கடத்தினார். அதற்குள் நாஸிர் ஜங் தக்கணத்துப் பெரும் படையுடன் வந்து சேர்ந்தார். தராசினாலே ஒரு படையெடுப்பை முறித்த பிரதாபசிங்கை எவரும் சேனாபதி என்று சொல்லுவதில்லை. நமக்கென்னவோ சொல்லலாம் என்றே தோன்றுகிறது.

புஸ்ஸியின் வீரத்தில் எமக்கு ஐயமில்லை. ஆம்பூரில் தலைவர் தோத்தேய் காயமுற்று விழுந்ததும் படையை நடத்தி அரணை ஏறியவர் அவர். அவுரங்கசீப்பின் சேனாபதி ஜுல்பிகர் கான் ஏழெட்டு வருஷம் முற்றுகையிட்ட செஞ்சியை 1750 செப்டம்பரில் ஒரே இரவில் அவர் பிடித்தார். ஆனால் 1751 தொடக்கத்தில் அவர் ஸுபேதாருக்குத் துணையாகத் தக்கணம் சென்றுவிட்டார். இந்த யுத்தத்தின் வழக்கு தீர்க்கப்பட்ட இடமோ திருச்சிராப்பள்ளி. அவர் அங்கே இல்லை. இல்லாதவருக்கு அவ்விடத்து வெற்றி தோல்விகளிற் பங்கில்லை. அவரைப் போகவிட்டு ஜாக் லா என்பவரைத் திருச்சிக்கு அனுப்பியது டூப்ளேயின் குற்றம்.

இனி கிளைவ். 1751-இல் இருநூறு வெள்ளைக்காரரும் முந்நூறு சிப்பாய்களும் கொண்டு சென்னையினின்று கிளம்பி, இடிமழையில் நடந்து, எதிர்ப்பின்றி ஆர்க்காட்டை அடைந்ததும், ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியதும், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகள் துப்பாக்கிச் சூட்டுக்கு மருண்டு திரும்பி ராஜா சாகிபின் ஆட்களையே மிதித்ததும் பள்ளிச் சிறுவரும் அறிந்த கதை. தைரியம் மறுக்க முடியாதது. ஆயினும் திருச்சியிலிருந்து எதிரியைப் பிரித்து இழுக்க ஆர்க்காட்டைத் தாக்கலாம் என்ற யோசனை முகமது அலியிடமிருந்து வந்தது என்றும், அதை ஆதரித்துத் தம் கோட்டையைக் கிட்டத்தட்டக் காலி செய்து ஆள் கொடுத்தவர் கவர்னர் ஸாண்டர்ஸ் என்றும் சரித்திரக்காரர் காட்டுவர். சோற்றை வெள்ளைக்காரருக்கு விட்டுக் கஞ்சித் தண்ணீரைத் தாம் குடித்த சிப்பாய்களின் கதையை மெக்காலே எழுதிப் புகழ்ந்தார். சிப்பாய்களின் பெயர் ஒன்றையேனும் அவர் எழுதவில்லை. மறு வருஷம் சமயபுரத்தில் எதிரியின் படை, ஓடிவந்த ஆங்கிலச் சோல்ஜர்களை முன்னிட்டு, நண்பர் என்று சொல்லிக்கொண்டே இரவில் கிளைவின் பாளயத்துக்குள் நுழைந்துவிட்டது. அவர் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்தார்; உயிர் தப்பியது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தையும் திறமை என்று எண்ணிவிடுவது ஜயித்தவர் சரித்திரத்தின் வழக்கம்.

லாரன்ஸ் வேறு ரகம். வயது ஐம்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு, கடிதங்களில் அலங்காரம் இல்லை. 1752-இல் சீமையிலிருந்து திரும்பித் திருச்சிக்கு வந்தார். லா பயந்து காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத் தீவுக்குள் புகுந்துகொண்டார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தம்மைத் தாமே சிறைவைத்துக்கொண்ட சேனாபதியை உலக சரித்திரத்தில் வேறெங்கும் காண்பது அரிது. வடகரையைக் கிளைவ் அடைத்தார். தென்கரையை லாரன்ஸ் அடைத்தார். உணவு வரும் வழி ஒவ்வொன்றாக மூடப்பட்டது. ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். தஞ்சைச் சேனாபதி மானோஜியின் வாக்கை நம்பிப் போன சந்தா சாகிபின் தலை துண்டிக்கப்பட்டது. வாக்கு மீறிய பாவம் தஞ்சையைச் சேர்ந்தது; அதைத் தடுக்கக்கூடிய இடத்தில் இருந்து தடுக்காமற் போன பாவம் லாரன்ஸைச் சேர்ந்தது. அவரைப் புகழும்பொழுது இதை மறைத்தல் நியாயமன்று.

அந்த வருஷமே பாகூர்ப் போர் நடந்தது. ஆங்கிலேயர் அந்நாளில் பழைய பஞ்சாங்கத்தையும் பிரெஞ்சுக்காரர் புதிய பஞ்சாங்கத்தையும் கொண்டிருந்தபடியால், ஒரு நூலில் ஆகஸ்டு 26 என்றும் மற்றொன்றில் செப்டம்பர் 6 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நாள்தான், வாலிபர்கள் இதற்காகச் சண்டையிட வேண்டாம். பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் டூப்ளேயின் மருமான் கெர்ழான். லாரன்ஸ் அஞ்சியவர்போல் வேகமாகப் பாகூருக்குப் பின்வாங்கினார். புதுச்சேரியில் இருந்த டூப்ளே துரத்தும்படி மருமானை நெருக்கினார். கெர்ழான் துரத்திவந்து பாளயம் இறங்கினார். பொழுது விடியுமுன் லாரன்ஸ் திரும்பி அடித்தார். இருபக்கத்து வெள்ளைக்காரரும் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக்கொண்ட பின், பிரெஞ்சு வரிசை உடைந்தது, கெர்ழான் கைதியானார். களத்தில் நின்றவனின் கண்ணுக்கு எதிராக மேஜைமுன் உட்கார்ந்தவனின் கடிதம் படையை நடத்தினால் என்ன நேரும் என்பதற்கு இதனைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

எனினும் லாரன்ஸின் உண்மைப் பெருமை பாகூரில் இல்லை. அதன்பின் வந்த இரண்டு வருஷங்களில், திருச்சியில் இருக்கிறது. திருச்சியைத் தருவதாக மைசூர் நஞ்சராஜருக்குச் சொன்ன வாக்கை முகமது அலி மீறியதால் மைசூராரும், அவரோடு குத்தி முராரி ராவும் பிரெஞ்சுப் பக்கம் சேர்ந்தனர். மறுபடியும் முற்றுகை. 1753-இல் கோட்டைக்குள் இருந்த காப்டன் டால்டன் களஞ்சியத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். நெல் இல்லை! காவல் வைக்கப்பட்டிருந்த நவாபின் உறவினரே அதை விற்றுவிட்டிருந்தார். சில வாரங்களுக்கே ஆகாரம். அன்றிலிருந்து யுத்தம் முழுவதும் நெல்வண்டியின் பின்னால் ஓடிற்று. பொன்மலையடியிலும் பிறவிடங்களிலும் லாரன்ஸ் அடித்த வெற்றிகள் ஒவ்வொன்றும் புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வரும் தானியத்துக்கு வழிவிடும் பொருட்டே. நாம் சேனாபதிகளை அளக்க வேண்டிய படி இதுதான். எத்தனைக் களத்தில் ஜயித்தார் என்பதன்று, எத்தனை நாள் தம் ஆட்களுக்குச் சோறு போட்டார் என்பதே.

இந்தப் படியால் அளந்தால் நம்மவர் இருவர் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றனர். முராரி ராவ் வரிசைப்படி நின்று போரிட்டவர் அல்லர், வழியை வெட்டினவர். 1754 பிப்ரவரியில் கூத்தப்பட்டிக்கு அருகே தானியம் கொண்டுவந்த ஆங்கிலப் படையை அவருடைய குதிரைகள் சூழ்ந்து, பெயர்பெற்ற கிரெனடியர்ப் பட்டாளம் முழுவதையும் ஒரே காலையில் இல்லாமற் செய்தன. அன்று மைசூர்ப் பக்கத்தில் ஹைதர் என்ற இளம் தலைவர் ஒருவரும் இருந்தார். கண்டு கற்றுக்கொண்டார் போலும். லாரன்ஸுக்கு அந்த யுத்தத்தில் நேர்ந்த நஷ்டங்களுள் இதற்கு ஈடு இல்லை.

இந்த நாசத்துக்குப் பிறகு திருச்சியைப் பட்டினியினின்று காத்தவர் யூசுப் கான். இராமநாதபுரச் சீமைப் பனையூரில் பிறந்தவர் என்று வழங்கும் இவரை மருதநாயகம் என்று நாட்டார் அறிவர். ஆங்கிலக் கம்பெனியின் சிப்பாய்களுக்குத் தலைவராகிய இவர், காட்டுவழியும் ஊர்ப்பேச்சும் அறிந்தவராதலின், இரவோடிரவாகத் தொண்டைமான் சீமையிலிருந்து வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அவரைக் கெடுக்க துபாஷி பொன்னியப்பன் மைசூராரோடு கடிதப் போக்குவரத்து நடத்தியதாகப் பொய்க் கடிதம் ஜோடித்தான். புரட்டு வெளியாயிற்று; பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொல்லப்பட்டான். பொய் தஸ்தாவேஜுகளை அன்றாடம் பார்க்கும் தொழிலில் இருக்கிற நமக்கு, கடிதத்தை ஆராயாமலே யூசுப் கானைத் தூக்கிலிட்டிருந்தால் திருச்சி என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எழாமல் இல்லை. கடிதத்தை நம்பிவிடாமல் விசாரிக்கச் செய்த வரையில் லாரன்ஸுக்கும் பெருமை உண்டு.

பத்து வருஷம் சென்று, அதே கம்பெனியையும் அதே நவாபையும் எதிர்த்து இவர் மதுரையில் நின்றார். 1763-இல் வந்த முற்றுகைப் படை கோட்டையைப் பிடிக்க முடியாமல் மழைக்குத் திரும்பிற்று. மறு வருஷம் சொந்த ஆட்களே காட்டிக்கொடுத்தனர். 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டார். லாரன்ஸுக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் கம்பெனி சிலை வைத்தது. யூசுப் கானின் பெயர் மதுரையில் கான்சா மேட்டுத் தெருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் பலர் அறியாமல்.

ஆகவே எம் தீர்ப்பு இது: களத்திலும் களஞ்சியத்திலும் ஒருங்கே தேர்ந்தவர் லாரன்ஸ். அவருக்கு அடுத்த இடம் யூசுப் கானுக்கு. பின்னர் முராரி ராவ். அதற்கப்பாலே கிளைவும் புஸ்ஸியும். ஆட்சேபிப்பவர் ஆட்சேபிக்கட்டும்.

ஆனால் ஒரு வாதத்தை மட்டும் அனுமதிக்க மாட்டோம். வாலிபர் பலர் மனத்தில், "நம்மவர்க்குப் படை நடத்தத் தெரியாது, ஆகையால் தேசம் பறிபோயிற்று" என்ற கருத்து ஊறியிருக்கிறது. சாட்சியம் அதற்கு நேர் விரோதம். படை நடத்தத் தெரிந்தவர் அன்று ஏராளம். முராரி ராவ் ஒரு முறை முகமது அலிக்கு, மறு முறை அவனுடைய பகைவருக்கு. யூசுப் கான் முதலில் கம்பெனிக்கு. மானோஜி தஞ்சைக்கு. ஒருவன் திறமையை மற்றவன் திறமை தின்றது. இரண்டு நவாபுகளும் நாட்டாரின் துணையை நாடாமல் கடன் கொடுப்பவரின் துணையை நாடினர். துபாஷியாகிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த தினசரியைப் படிப்பவர், அதில் போர்முரசைவிட பணத்தின் ஓசையே மிகுதியாகக் கேட்பர்.

ஜயித்தவரான முகமது அலிக்குக் கிடைத்ததையும் சொல்லிவிடுகிறோம். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் அவரைக் கர்நாடக நவாபு என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. அவரைப் பட்டத்தில் வைத்த செலவெல்லாம் அவர் கணக்கிலேயே கடனாக எழுதப்பட்டு, வட்டியும் ஏறிக்கொண்டே போயிற்று. கடனுக்குச் சீமைகளின் வரி ஈடாயிற்று. 1795-இல் அவர் காலமானார். 1801-இல் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி தன் வசமாக்கிக்கொண்டு, நவாபின் வம்சத்தாருக்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்திற்று.