ஸ்டெப்னி இருக்கு, காத்து இருக்கா?

இன்று கொஞ்சம் கம்ப்யூட்டர், கொஞ்சம் காமர்ஸ்.

போன மாதம் சித்தப்பாவின் வேனில் சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வந்துகொண்டிருந்தோம். தொப்பூர் கணவாயில் டயர் பஞ்சர். "ஸ்டெப்னி இருக்குடா, கவலைப்படாதே" என்றார். இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை! "இதைக் கடைசியா எப்ப பாத்தீங்க சித்தப்பா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

சித்தப்பாவை விடுங்கள். நாட்டின் பெரிய பங்குச் சந்தையான என்.எஸ்.இ.யே ஒருநாள் இப்படி நின்றது. 2021 பிப்ரவரி 24, புதன்கிழமை, காலை 11.40 மணி. வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கியது மாலை 3.45க்கு; 5 மணி வரை நீட்டித்தார்கள்.

என்ன நடந்தது? என்.எஸ்.இ.யின் முதன்மை மையத்தில் பதிவாகும் தகவல், ஒன்றுகூட இழக்காமல் இருக்க, அருகிலுள்ள துணை மையத்திலும் பதிவாகும். நடுவே இரண்டு நிறுவனங்களின் இணைப்புகள். ஒன்று போனால் இன்னொன்று! ஆனால் வழியில் சாலையோரம் நடந்த தோண்டும் வேலையால் இரண்டிலுமே கோளாறு.

அதனால் மட்டும் சந்தை நின்றிருக்கக் கூடாது. துணை மையத்தைக் கழற்றிவிட்டு, முதன்மை ஸ்டோரேஜ் தனியாக ஓடியிருக்க வேண்டும். இதுதான் ஃபெயில்ஓவர். நடந்ததோ தலைகீழ். முதன்மை ஸ்டோரேஜையே சர்வர்களால் எட்ட முடியவில்லை. ரிஸ்க் மேலாண்மை சிஸ்டம் படுத்தது. அது இல்லாமல் வர்த்தகம் நடத்த முடியாது. ஸ்டெப்னி பஞ்சரானதால் ஓடிய நாலு சக்கரமும் நின்ற கதை! சப்ளையர் அமைத்த ஃபெயில்ஓவர் முறை, கேட்ட வடிவமைப்பின்படி இல்லை என்று பிறகு என்.எஸ்.இ. விளக்கியது. சென்னையில் இன்னொரு மாற்று மையமும் உண்டு. அன்று அதற்கு மாறவில்லை.

நஷ்டம் யாருக்கு? அன்றே வாங்கி அன்றே விற்கும் சின்ன வர்த்தகர்களுக்கு. சந்தை திரும்பத் திறக்குமா என்று தெரியாமல், சில தரகர்கள் வாடிக்கையாளர்களின் கணக்கை பி.எஸ்.இ.யில் கிடைத்த விலைக்கு முடித்தார்கள். பிறகு என்.எஸ்.இ. திறந்தது!

அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது. முக்கிய சிஸ்டம் நின்றால் 30 நிமிடத்துக்குள் 'பேரிடர்' என்று அறிவிக்க வேண்டும்; அடுத்த 45 நிமிடத்தில் மீட்க வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை, நிஜ வர்த்தகத்தையே மாற்று மையத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். பாராட்டலாம்.

ஆனால் அது நாள் குறித்து, மையத்தை மொத்தமாக மாற்றும் ஒத்திகை. 2021இல் காலை வாரியது பாதி அறுந்த ஓர் இணைப்பு. அதைச் சோதிக்க ஒரே வழி, ஓடும் சிஸ்டத்தில் ஸ்டோரேஜ் கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதுதான். முதலில் ஒன்று, பிறகு இரண்டும், பிறகு விட்டுவிட்டு வரும் இணைப்பு.

எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் ஒரு விஷயம் உண்டு. ஸ்டாக் இருக்கிறது என்று லெட்ஜர் சொன்னால் போதாது, குடோனுக்குப் போய் எண்ண வேண்டும். ஃபெயில்ஓவருக்கும் அதே விதி வேண்டும் என்பது என் கட்சி. எந்தக் கேபிளை என்றைக்குப் பிடுங்கினார்கள், எத்தனை நொடியில் மீண்டது என்பதை ஆடிட்டர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முடிவு முதலீட்டாளர்களுக்கும் தெரிய வேண்டும்.

சோதிக்கப் போய் சிஸ்டமே படுத்துவிட்டால்? படுக்கட்டுமே! சந்தை இல்லாத சனிக்கிழமை படுத்தால் பாடம். புதன்கிழமை 11.40க்குப் படுத்தால் நஷ்டம்.

சரி, உங்கள் வண்டி ஸ்டெப்னியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?