காபரேட்டர் முடிஞ்சுதாம்!

பழைய மொரிஸ் மைனரில் பெற்றோல் வழிந்தால் போதும், "காபரேட்டர் முடிஞ்சு சேர், புதுசு போடணும்" என்கிறார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டுக் கடனுக்கு அலைகிறோம். மிதவைக் கிண்ணத்தின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்ல எங்களுக்கு என்ன வெட்கம்?

வழிவதற்குப் பெரும்பாலும் ஊசி வால்வில் சிக்கிய தூசி அல்லது அதன் தேய்மானம்தான் காரணம். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெற்றோல் சலசலத்தால் அது ஓட்டை.

பம்ப் தானே பேசும். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிறைந்ததும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பெற்றோல் எங்கோ வழிகிறது, அல்லது பைப்பில் காற்று இழுக்கிறது, அல்லது டாங்க் காலி (இதற்கும் கராஜுக்குப் போனவர்கள் நம்மில் உண்டு). சத்தமே இல்லையென்றால் வயரைப் பாருங்கள், பிறகு பொயின்ற் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பானரால் தட்டித் தட்டி ஓடுவது வைத்தியமா?

அதைவிடக் கொடுமை, வழிய வழிய ஓட்டுவது. மைனரில் காபரேட்டருக்குக் கீழேயே கொதிக்கும் எக்ஸோஸ்ட் இருக்கிறது. பின்சீட்டில் நம் பிள்ளைகள்.

போன கிழமை எங்கள் காரும் வழிந்தது. ஊசி வால்வைக் கழுவிப் போட்டோம், நின்றுவிட்டது. கராஜில் கேட்ட தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை.