ஊர்ச்சொல்லும் உடன்நடத்தலும்

ஊரை விட்டுப் பெருநகருக்குக் குடிபெயர்வதென்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால், அன்று மாலைக்குள் அந்த முடிவு ஊரின் பொதுச்சொத்தாகிவிடுகிறது. பாளையங்கோட்டையிலிருந்து வரும் ஜூன் மாதம் சென்னைக்குக் குடிபோகிறோம் என்று நாங்கள் சொல்லத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. எங்களில் மனைவிக்கு அரசுக் கல்லூரிப் பணியில் கலந்தாய்வு வழியே சென்னைக்கு மாறுதல். கணவர் இங்கே இருபது ஆண்டுகளாக நடத்திவந்த சிறு அச்சகத்தைக் கைமாற்றிவிட்டு உடன் செல்கிறார். கணவரின் தாயாருக்கு வயது எழுபத்து நான்கு, அவரும் வருகிறார். செய்தி இவ்வளவுதான். ஆனால் இதைக் குறித்துக் கடந்த மூன்று மாதங்களில் நாங்கள் கேட்ட கருத்துகளை அச்சிட்டால், எங்கள் அச்சகத்திற்கு ஓர் ஆண்டு வேலை இருக்கும்.

சங்க அகப்பாடல்களில் காதலர் ஒழுக்கத்தைப் பற்றி ஊரார் பேசும் பேச்சுக்கு அம்பல், அலர் என்று இரு பெயர்கள் உண்டு. வாய்க்குள் முணுமுணுப்பாக இருப்பது அம்பல். பலரறியப் பரவிவிட்டது அலர். மொட்டும் மலரும் போல என்பார்கள் உரையாசிரியர்கள். குடிபெயர்வுக்கும் இவ்விரண்டும் பொருந்தும் என்பதை இப்போதுதான் உணர்கிறோம். எங்கள் முகத்துக்கு நேரே வந்தது அலர்: தண்ணீர், வாடகை, நெரிசல், வெள்ளம். முதுகுக்குப் பின்னே நின்றது அம்பல்: 'பெண்டாட்டி வேலைக்குப் பின்னால் போகிறான்.' உண்மையான கருத்து இரண்டாவதுதான். முதலாவது அதற்குப் போர்த்திய போர்வை.

அலரை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை சொல்வது எளிது. சென்னையில் தண்ணீர் கிடையாது என்றார்கள். இலக்கிய நண்பர் ஒருவர் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலையே சான்றாகக் காட்டினார். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுசெல்ல நேர்ந்தது உண்மைதான். வெள்ளம் வரும் என்றார்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் எவரும் மறக்கவில்லை. ஆனால் அதே 2023 டிசம்பரில், சென்னை மூழ்கிய இரண்டு வாரங்களுக்குள், தாமிரபரணி நெல்லைச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. வானத்துக்குப் பெருநகரென்றும் சிற்றூரென்றும் பேதமில்லை. தூரம் என்றார்கள். 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் வண்டி சுமார் எட்டு மணி நேரத்தில் நெல்லையைச் சென்னையோடு இணைக்கிறது. இவற்றையெல்லாம் நாங்கள் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. யாரும் மனம் மாறவுமில்லை. சொன்ன காரணம் உண்மையான காரணமாக இருந்திருந்தால், அது விழுந்ததும் கருத்தும் விழுந்திருக்க வேண்டும்.

இன்னொரு கருத்து எங்களைப் போன்றவர்களுக்கென்றே சொல்லப்படுவது: ஊரை விட்டால் மொழி போய்விடும், நெல்லைத் தமிழ் நாவை விட்டு இறங்கிவிடும், எழுத்து வேரற்றுப் போகும். இதை அத்தனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் நவீனத் தமிழ் இலக்கியத்தின் வரலாறு இதற்குத் துணைநிற்கவில்லை. புதுமைப்பித்தன் பிழைப்புத் தேடிச் சென்றது சென்னைக்கு. திருநெல்வேலியின் பேச்சு அவரோடு சென்றது. 'தலைகீழ் விகிதங்கள்' 1977இல் வெளிவந்தபோது நாஞ்சில்நாடன் மும்பையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். நாவலோ முழுக்க நாஞ்சில் நாட்டு வாழ்க்கை. கரிசல் வழக்கிற்கு அகராதி கண்ட கி. ராஜநாராயணன் 1980களின் இறுதியில் இடைசெவலை விட்டுப் புதுச்சேரிக்குச் சென்றார். 2021இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். கரிசல் அவரை விட்டுப் போனதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. மறுபுறம், நாகர்கோவிலில் வாழ்ந்தபடியே சுந்தர ராமசாமி தமிழ் நவீனத்துவத்தின் மையங்களுள் ஒன்றாக விளங்கினார். இருந்தவரும் எழுதினார், பெயர்ந்தவரும் எழுதினார். ஆகவே இதில் ஊர் தீர்ப்பளிக்க எதுவுமில்லை.

இனி அம்பலுக்கு வருவோம். மனைவியின் பணிக்காகக் கணவர் இடம்பெயர்வது இத்தனை பேச்சுக்கு உரியதாகிறது. அதே தெருவில், கணவரின் வேலைக்காக மனைவி இடம்பெயர்ந்த வீடுகளை எண்ணத் தொடங்கினால், எண்ணாமல் விடுபடும் வீடு ஒன்றிரண்டுகூடத் தேறாது. அவற்றைப் பற்றி யாரும் கருத்துச் சொன்னதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தோர் 45 கோடிக்கும் மேல். அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்கள் இடம்பெயர முதன்மையான காரணம் திருமணம். அதாவது இந்நாட்டில் குடிபெயர்வு என்பது பெரும்பாலும் பெண்ணின் அனுபவம். ஆனால் அதை நாம் குடிபெயர்வு என்று அழைப்பதில்லை, 'வாழ்க்கைப்படுதல்' என்கிறோம். முடிவு என்றும் சொல்வதில்லை, 'விதித்தது' என்கிறோம்.

எங்கள் வீட்டு மூத்தவர் பதினெட்டு வயதில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். இத்தனை வயதில் அவரைப் பட்டணத்துக்கு இழுத்துச் செல்லலாமா என்று எங்களைக் கேட்டவர்கள் பலர். அவரிடமே கேட்டவர் எவருமில்லை. ஒருநாள் வாசலில் நின்று இதையே பேசிக்கொண்டிருந்த உறவினரிடம் அவர் சொன்னார்: 'என்னைய இந்த ஊருக்குக் கூட்டிட்டு வரும்போது யாரு கேட்டா? இப்பம் மட்டும் எல்லாருக்கும் எம்மேல கரிசனம் வந்துட்டு.' பிறகு எங்களிடம் தனியாக ஒன்றே ஒன்று கேட்டார்: சென்னை வீட்டுக் கதவுக்குத் தமக்கென்று ஒரு சாவி தருவோமா என்று. பகலெல்லாம் தெருக்கதவு திறந்தே கிடக்கும் வீட்டில் ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். பூட்டிய கதவுக்குள் எவருக்காகவும் காத்திருக்க வேண்டிவருமோ என்பது அவர் அச்சம். மூன்று மாதங்களாகப் பலர் சொன்னவற்றில் இந்தக் கேள்வி அளவுக்கு எங்கள் மனத்தைத் தைத்தது வேறில்லை. அவருக்குச் சாவி உண்டு என்று சொல்லிவிட்டோம். ஆனால் அந்தச் சாவி மட்டும் போதாது என்பதையும் அறிவோம். அவர் தனியே நடந்து போய்ப் பேசிவிட்டு வர ஒரு தெருவும் வேண்டும். இப்போது வாடகை வீடு தேடுவதே அதை முன்னிட்டுத்தான். மூன்றாம் மாடி வீடுகளை ஒதுக்கிவிட்டோம்.

'கெட்டும் பட்டணம் சேர்' என்ற பழமொழியையும் 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்ற பழமொழியையும் ஒரே வாரத்தில் ஒரே பெரியவரிடமிருந்து கேட்டோம். இதில் நகைக்க ஒன்றுமில்லை. நகரம் பற்றிய நம் எண்ணமே இப்படி இரண்டாகப் பிளந்துதான் கிடக்கிறது. காந்தியடிகள் 1909இல் 'இந்திய சுயராஜ்யம்' எழுதிய நாள்தொட்டுச் சிற்றூர் நம் அறத்தின் உறைவிடமாகப் போற்றப்பட்டுவருகிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கரோ, சிற்றூரை அறியாமையின், குறுகிய மனத்தின் இருப்பிடமென்று கண்டித்து, தனிமனிதரையே அரசியல் சட்டத்தின் அலகாகக் கொண்டதை வரவேற்றார். ஊர் எவருக்கு நிழல் தந்ததோ அவருக்கு அதை விட்டுச் செல்வது இழப்பு. எவரை வெளியில் நிறுத்தியதோ அவருக்கு அது விடுதலை. எங்கள் அச்சகத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் வேலைபார்த்த இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார். எந்த வாசலிலும் அதைப் பற்றி விவாதம் நடக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர் விஷயத்தில்தான் ஊர் கருத்துச் சொல்கிறது. இல்லாதவரைச் சும்மா வழியனுப்பிவைக்கிறது. சில வேளை வழியனுப்புவதுகூட இல்லை.

அப்படியானால் பிறர் கருத்தையே பொருட்படுத்தாமல் கிளம்பிவிடலாமா? அதற்கு நம்மிடம் பெரியதொரு சான்று உண்டு. பொருளையெல்லாம் இழந்த கோவலன், பொழுது புலருமுன் கண்ணகியுடன் புகாரை விட்டு மதுரைக்குப் புறப்படுகிறான். பெற்றோரிடம் சொல்லவில்லை; எவர் கருத்தையும் கேட்கவில்லை. அதன் விளைவு வழியிலேயே அவனை வந்தடைகிறது. மாதவியின் ஓலையோடு வரும் கோசிகன், பெற்றோர் படும் துயரையும் சொல்லித்தான் ஓலையைக் கொடுக்கிறான். அந்த ஓலையின் சொற்கள் தன் பெற்றோரிடம் தான் சொல்ல வேண்டியவற்றுக்கும் பொருந்துகின்றன என்று கண்டு, கோவலன் அதையே அவர்களுக்கு அனுப்பிவிடுகிறான். புறப்படும்போது சொல்லாமல் விட்ட சொல்லைப் பிறருடைய ஓலையில் கடன் வாங்க வேண்டியதாயிற்று. கண்ணகி மனத்திலுள்ளதைச் சொல்லும் தருணமோ அதனினும் தாமதமாக வருகிறது. 'எழு' என்றதும் எழுந்து வந்தாயே என்று கோவலன் வருந்துவதும், அவள் தன் மனத்தைத் திறந்து சொல்வதும் பயணம் முடிந்தபின், மாதரி தந்த மனையில், கொலைக்களத்துக்கு அவன் புறப்படும் நாளில்.

ஆனால் அதே காப்பியத்தில் கருத்துச் சொன்னவர் ஒருவரும் இருக்கிறார். கவுந்தியடிகள், மெல்லடியாளான கண்ணகியால் இக்கடிய வழியைத் தாங்க இயலாது என்று தடுத்துப் பார்க்கிறார். தடுத்தாலும் நிற்கமாட்டார்கள் என்று கண்டபின், தாமும் மதுரைக்கு வருவதாகச் சொல்லி உடன் நடக்கிறார். வழியின் இடர்களை முன்கூட்டியே சொல்கிறார். மதுரையின் புறஞ்சேரியில் கண்ணகியை நம்பகமான கைகளில் ஒப்படைக்கிறார். முடிவில் நேர்ந்த துயரைக் கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறார். சொன்ன கருத்தின் சுமையைத் தாமும் சுமந்தவர் அவர்.

வகுப்பில் இப்பகுதியைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறோம். இப்போது அதை ஓர் அளவுகோலாகவே காண்கிறோம். பிறருடைய முடிவைப் பற்றிக் கருத்துச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அக்கருத்தின் எடை, சொன்னவர் எவ்வளவு தூரம் உடன் நடக்க ஆயத்தமாக இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்த அளவுகோலால் அளந்தபோது எங்களுக்கு வந்த நூற்றுக்கணக்கான கருத்துகளில் மூன்றோ நான்கோதான் தேறின. அவற்றுள் ஒன்று அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவருடையது. அவர் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ் வேலை முடிவதற்குள் கடையை மூடினால் தம்முடன் இன்னொருவரும் வருமானமின்றி நிற்க நேரும் என்றார். அதுவரை அவகாசம் கிடைத்தால் வெட்டு எந்திரத்தைத் தவணையில் எடுத்துக்கொண்டு அதே கடையைத் தாமே நடத்திப் பார்ப்பதாகவும் சொன்னார். அதன்படியே திட்டத்தை மாற்றியிருக்கிறோம். மனைவி ஜூனில் பணியில் சேர்வார்; கணவரும் தாயாரும் ஆவணி கழிந்தபின் செல்வார்கள். 'அப்படியானால் இரண்டு குடித்தனமா?' என்று இதற்கும் கருத்துகள் வரத் தொடங்கிவிட்டன.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கலாம். தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரை உள்ளே சேர்ப்பது ஒன்று, வெளியே நிறுத்துவது மற்றொன்று. சென்னை என்ற சொல் எங்கள் வாயிலிருந்து வந்த மறுநாளே தெருவில் பலர் எங்களை 'நாம்' என்பதிலிருந்து நீக்கிவிட்டார்கள். 'உங்களுக்கென்ன, நீங்கள் சென்னைக்காரர்கள்' என்று பேசத் தொடங்கினார்கள். அவர்களுடைய கருத்துகளிலிருந்த கசப்பின் ஊற்று அங்கேதான் என்று நினைக்கிறோம். தண்ணீரும் வாடகையும் அவர்கள் கவலை அல்ல. ஒரு வீடு இருட்டாகப் போகிறது. அடுத்து எந்த வீடோ என்ற அச்சம் அது. அந்த அச்சத்துக்கு எங்களிடம் மறுமொழி இல்லை; அது நியாயமானது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழக மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகள். பிள்ளைகள் வெளியூரிலும் பெற்றோர் ஊரிலுமாக எங்கள் தெருவிலேயே ஆறு வீடுகள் இருக்கின்றன. அவ்வீடுகளின் முதியவர்களுக்கு மருந்து வாங்கித் தருவதும் மின்கட்டணம் கட்டுவதும் இதுவரை நாங்கள் செய்துவந்த வேலைகள். எங்கள் குடிபெயர்வைக் குறித்து ஊர் எங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இனி அவற்றை யார் செய்வார் என்பதுதான். அதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் விடை தேடும் பொறுப்பு எங்களுடையது. போவதற்குள் அந்த ஆறு வீடுகளுக்கும் ஓர் ஏற்பாடு செய்துவிட வேண்டுமென்று ஒவ்வொரு வீடாகப் பேசிவருகிறோம்.