ஆர்.எக்ஸ். 100: பெயரை மட்டும் கொண்டுவராதீர்கள்

மூன்று நான்கு வருடங்களாக ஒரு வண்டி ‘அடுத்த மாதம்’ வந்துகொண்டே இருக்கிறது. யூடியூபைத் திறந்தால் பளபளவென்று ஒரு படம், பெட்ரோல் டேங்கில் பழைய யமஹா பட்டை, கீழே மஞ்சள் எழுத்தில் ‘வந்துவிட்டது புதிய ஆர்.எக்ஸ். 100!’ விலை எண்பதாயிரம் என்பார் ஒருவர், ஒன்றரை லட்சம் என்பார் இன்னொருவர். மைலேஜ் எண்பது என்று கூசாமல் சொல்பவரும் உண்டு. ஆர்.எக்ஸ். வைத்திருந்த யாராவது எண்பது பார்த்திருக்கிறார்களா, சொல்லுங்கள். படம் கம்ப்யூட்டரில் வரைந்தது. வண்டி எந்த ஷோரூமிலும் கிடையாது. ஆனாலும் காவேரிப்பாக்கத்தில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் பாதிப் பேர் அதற்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து, இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய என் வயதுக்காரர்களும் பெருமூச்சு விடுகிறார்கள்.

பெயர் மட்டும் வருவதானால் வரவே வேண்டாம் என்பது என் கட்சி.

முழுக்க வதந்தி என்றும் தள்ளிவிட முடியாது. யமஹா இந்தியாவின் தலைவராக இருந்த எய்ஷின் சிஹானாவே 2022-ல் வாயைத் திறந்தார். அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் இருக்கிறது, ஆனால் அவசரப்பட மாட்டோம் என்கிற மாதிரி பேசினார். பிறகு, நாலு ஸ்ட்ரோக்கில் அந்த இழுவை வேண்டுமானால் 200 சிசியாவது தேவைப்படும், அப்போதும் அந்தச் சத்தம் வராது என்றும் சொன்னார். மனிதர் நேர்மையாகத்தான் பேசியிருக்கிறார். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வண்டி என்னதான் செய்தது? 98 சிசி. 11 குதிரைத்திறன். எடை 103 கிலோ. 1985-ல் எஸ்கார்ட்ஸ் கூட்டில் யமஹா கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருடமே ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி இறங்கிவிட்டது. ஹீரோ ஹோண்டா சி.டி. 100 அதே 85-ல் வந்தது, பின்னாலேயே கவாசாகி பஜாஜ் கே.பி. 100. ஜப்பானின் நான்கு கம்பெனிகளும் நூறு சிசியில் நம் ரோட்டில் மோதிக்கொண்ட காலம் அது. அதற்கு முன்பு நமக்குத் தெரிந்தது புல்லட், யெஸ்டி, ராஜ்தூத். ஹோண்டா பெட்ரோலை மிச்சம் பிடித்தது. ஆர்.எக்ஸ். ஆளை முன்னால் தூக்கி எறிந்தது. மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ராணிப்பேட்டையிலிருந்து வாலாஜாபேட்டைக்கு அதில் போனால் முதலில் சத்தம் வரும், பிறகுதான் வண்டி வரும்.

காரணம் மந்திரம் இல்லை. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறைதான் வெடிப்பு. டூ-ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. தலையில் திறந்து மூடும் வால்வுகள் இல்லை, அவற்றை ஆட்டும் கேம் ஷாஃப்டும் இல்லை, ஆகவே இன்ஜினும் லேசு. லேசான இன்ஜின், லேசான சட்டம், லேசான வண்டி. ஆக்சிலேட்டரை முறுக்கிய கணமே கேட்டது கிடைக்கும்.

அதன் பாவமும் அதே அமைப்பில்தான் இருக்கிறது. புதிய கலவை உள்ளே வரும்போதே புகை வெளியேறும் வழியும் திறந்திருக்கும். வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக நழுவிவிடும், கூடவே அரைகுறையாக எரிந்த ஆயிலும். பின்னால் சைக்கிளில் வருகிறவன் மூக்கைப் பொத்திக்கொள்வான். 1996 ஏப்ரலில் புகை விதிகள் இறுகின. அந்த ஆண்டோடு ஆர்.எக்ஸ். 100 நின்றது. ஆர்.எக்ஸ். 135 இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்துவிட்டு அதுவும் போயிற்று.

‘அரசாங்கம் கொன்ற வண்டி’ என்று இதைப் பற்றி உருக்கமாக எழுதுகிறார்கள். வேறு ஊர்க்காரர் சொல்லட்டும், நம் பக்கத்துக்காரர் சொல்லக் கூடாது. அதே 1996-ல், ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அசுத்தம் செய்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்றது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. கோர்ட்டு தொழிலைக் கொல்கிறது என்று அன்றைக்கும்தான் பேசினார்கள். தொழில் சாகவில்லை. ஆம்பூர் ஷூ இன்றைக்கும் கப்பல் ஏறுகிறது. தேறாமல் கிடப்பது பாலாறுதான். எங்கள் ஏரிக்குத் தண்ணீர் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் வருகிறது. மேலே ஒருவர் கழுவி ஊற்றினால் கீழே இருப்பவர் என்ன ஆவார் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆற்றுக்கு ஒரு நியாயம், காற்றுக்கு ஒரு நியாயமா? புகை விதி சரியானது. டூ-ஸ்ட்ரோக் திரும்பி வராது, வரவும் கூடாது.

அடுத்தது, ‘இன்றைய வண்டி எதுவும் அதன் கிட்டவே வராது’ என்கிற வாய்ச்சவடால். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 நவம்பரில் யமஹா இங்கே இறக்கிய எக்ஸ்.எஸ்.ஆர். 155-ன் எடை 137 கிலோ, திறன் 18 குதிரைக்குக் கொஞ்சம் மேல். ஒரு குதிரைக்கு ஏழரை கிலோ சுமை. ஆர்.எக்ஸில் ஒரு குதிரை இழுத்தது ஒன்பது கிலோவுக்கும் மேல். காகிதத்தில் பழையது தோற்றாயிற்று. பிரேக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக் போட்ட ஒரு வண்டியைச் சைலன்சரைக் குடைந்து சத்தம் கூட்டிக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஓட்டுவதை நான் வீரம் என்று எண்ணவில்லை. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கெல்லாம் 2019-லிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். நல்ல சட்டம்.

அப்படியானால் ஏக்கம் பொய்யா? பொய்யில்லை. 137-ல் 103 போனால் 34. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைப் பின்னால் கட்டி, அதற்கு மேல் இன்னும் ஒன்பது கிலோவையும் வைத்துக்கொண்டு ஓட்டுவது போல. புது இன்ஜின் தன் முழுபலத்தையும் உச்சத்தில், பத்தாயிரம் சுற்றில்தான் காட்டும். பழையது பாதி வழியிலேயே கையில் கொடுத்துவிடும். சந்தில் திருப்புவது, வாசற்படி ஏற்றுவது, ஒற்றைக் கையால் ஸ்டாண்டு போடுவது என்று எல்லாமே அந்த எடையில் அடங்கியது. நாம் ஏங்குவது பெயருக்கும் இல்லை, புகைக்கும் இல்லை. லேசான வண்டிக்கு.

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வலுக்கிறது. பழைய பெயரைத் தூசி தட்டி எடுப்பது ஜப்பான் கம்பெனிகளுக்குப் புதிதல்ல. டொயோட்டா 2019-ல் சுப்ராவைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்ஜின் பி.எம்.டபிள்யூ., கட்டியது ஆஸ்திரியாவில். மிட்சுபிஷி, எக்லிப்ஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் பெயரை எடுத்து ஒரு குடும்ப எஸ்.யு.வி.க்கு வைத்துவிட்டது. ஹோண்டா 2025-ல் பிரெலூடை ஹைபிரிட்டாகக் கொண்டுவந்தது. அதில் கியர் கம்பியே இல்லை. ஆனால் கியர் மாறுவது போல ஒரு பாவனையும் அதற்கேற்ற சத்தமும் மட்டும் உண்டு. சொப்புச் சாமானில் சமையல்! யமஹா மோட்டாரோ பியானோ செய்கிற கம்பெனியிலிருந்து 1955-ல் பிரிந்து வந்த கம்பெனி. சத்தம் தயாரிக்கத் தெரியாதவர்கள் அல்ல. நாளைக்கு ஸ்பீக்கரில் ஆர்.எக்ஸ். சத்தம் கேட்கும் என்று சொன்னால் நான் சிரிக்க மாட்டேன், பயப்படுவேன்.

சேடக் பெயர் மின்சார ஸ்கூட்டராக வந்தபோது யாரும் மார்பில் அடித்துக்கொள்ளவில்லையே என்று ஒரு நண்பர் மடக்கினார். சேடக் வீட்டு வண்டி சார். அப்பா ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் அம்மா உட்கார்ந்து சினிமாவுக்குப் போன வண்டி. அதன் இன்ஜினைக் காதலித்தவர் யார்? பெயரில் இருந்தது நம்பிக்கை, அது மின்சாரத்துக்கும் மாறும். ஆர்.எக்ஸ். என்றால் வண்டியின் குணம்தான். குணம் போனால் மிச்சம் இருப்பது ஸ்டிக்கர்.

நஷ்டப்படுவது யார் என்றும் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையன், ஷூ கம்பெனி வேலைக்கு ராணிப்பேட்டை வரை தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறான். இரண்டு வருடமாகப் பணம் கையில் இருக்கிறது. வண்டி வாங்கவில்லை. ஆர்.எக்ஸ். வரட்டும் என்கிறான். அவனுடைய கூட்டாளி ஒருவன் பொறுமை இழந்து, முப்பது வருடப் பழைய வண்டிக்கு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கி வந்தான். மாதத்தில் பாதி நாள் அது மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறது. வீடியோ போடுகிறவருக்குக் காசு, பழைய வண்டித் தரகருக்குக் காசு. இந்தப் பையன்களுக்கு என்ன?

யமஹாவின் தொழிற்சாலை ஒன்று இதே சாலையில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2015-லிருந்து ஓடுகிறது. அங்கே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். 200 சிசி வேண்டாம். ஸ்பிளெண்டர் 112 கிலோவில் வருகிறதல்லவா, லேசான வண்டி செய்ய முடியாது என்று யாரும் கதை சொல்ல முடியாது. நல்ல பிரேக், ஏ.பி.எஸ்., சுத்தமான புகை, அடியிலிருந்தே இழுக்கிற நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், 110 கிலோ. இதைச் செய்துவிட்டு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள். பழைய பெயரே வேண்டும் என்று அடம்பிடித்தால், ஷோரூம்காரர் மாலை போட்டுத் தேங்காய் உடைப்பதற்கு முன்னால் வண்டியை எங்கள் கண்ணெதிரில் எடைமேடையில் ஏற்றட்டும். முள் 110-ஐத் தாண்டினால் டேங்கில் அந்த இரண்டு எழுத்து இருக்கக் கூடாது.