காந்தியடிகளும் ஒஸ்லோ காரியதரிசியும்

ஒரு ஸ்தாபனத்தின் தலைமை ஊழியர் அந்த ஸ்தாபனத்தின் பெருங்குறையைத் தாமே உலகறியச் சொல்வது அபூர்வம். நார்வே தேசத்துச் சரித்திர ஆசிரியர் கெய்ர் லுண்டெஸ்டாட் அப்படிச் சொன்னவர். நமக்கு அவரிடம் அக்கறை உண்டாவதற்கு அதுவே காரணம்.

1945-ம் வருஷம், நார்வேயின் வட பாகத்திலுள்ள சூலித்யெல்மா என்ற செம்புச் சுரங்க ஊரில் அவர் பிறந்தார். 1974 முதல் த்ரோம்ஸோ சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தார். அமெரிக்காவின் அயல்நாட்டுக் கொள்கையே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். இரண்டாம் மகாயுத்தத்துக்குப் பின் மேற்கு ஐரோப்பாவில் அமெரிக்கா பெற்ற ஆதிக்கத்தை, 'அழைப்பின் பேரில் வந்த ஸாம்ராஜ்யம்' என்று 1986-ல் வர்ணித்தார். ருஷ்யாவிடம் அச்சமும் கையில் பணமுடையும் கொண்ட தேசங்கள் தாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தன என்பது அவர் வாதம். அழையாத விருந்தாளிக்கு இருநூறு வருஷம் சோறு போட்ட நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம்!

1990-ல் அவர் ஒஸ்லோ நகரத்து நோபெல் கழகத்தின் டைரக்டரானார். 1904-ல் ஏற்பட்ட இக்கழகத்தின் டைரக்டரே சமாதானப் பரிசுக் கமிட்டிக்கும் காரியதரிசி. கமிட்டியின் ஐந்து அங்கத்தினரையும் நார்வே பார்லிமெண்டு நியமிக்கிறது. காரியதரிசி விவாதம் முழுவதையும் கேட்கலாம். வோட்டு மட்டும் கிடையாது. இந்த விநோதமான ஆசனத்தில் அவர் இருபத்தைந்து வருஷம் அமர்ந்திருந்தார்.

2006-ல், கமிட்டியின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய விடுபாடு காந்திமகானுக்குப் பரிசு அளியாததுதான் என்று அவர் பகிரங்கமாகக் கூறினார். பரிசில்லாததால் காந்திக்குக் குறைவில்லை, காந்தி இல்லாததால் கமிட்டிக்குத்தான் குறைவு என்பது அவர் கருத்து. விஷயம் இதுதான்: 1937, 1938, 1939, 1947 ஆகிய வருஷங்களில் மகாத்மாவின் பெயர் பிரேரணை செய்யப்பட்டது. 1948 ஜனவரியிலும் பிரேரணை சென்றது. சில தினங்களுக்குள் அவர் சுடப்பட்டு இறந்தார். இறந்தவருக்குப் பரிசு கொடுக்கலாமா என்று கமிட்டி யோசித்தது. காந்தி எந்த ஸ்தாபனத்தையும் சேர்ந்தவரல்ல. சொத்தும் இல்லை, உயிலும் இல்லை. பணத்தை யாரிடம் ஒப்படைப்பது? ஸ்வீடன் தேசத்தாரைக் கேட்டதற்கு, கூடாதென்று பதில் வந்தது. உயிருடன் இருப்பவரில் தகுந்தவர் இல்லையென்று கூறி, அந்த வருஷம் பரிசையே நிறுத்தி வைத்தார்கள். உலகம் அந்த வெற்றிடத்தைத் தானே பூர்த்தி செய்து படித்துக்கொண்டது.

ஒளிவு மறைவில்லாத இந்த வாக்கு, பிறகு அவருக்கே வினையாயிற்று. ஓய்வு பெற்றபின் 2015-ல் வெளியிட்ட நினைவு நூலில், 2009-ல் ஜனாதிபதி ஒபாமாவுக்கு அளித்த பரிசு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று எழினார். கமிட்டி அங்கத்தினரைப் பற்றியும் எழுதினார். இரகசியத்தை வெளியிட்டாரென்று கமிட்டி கோபங்கொண்டு, கழகத்தில் அவருக்கிருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. கட்டுப்பாட்டை மீறியது சரியல்லவென்போர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சரித்திர ஆசிரியரைக் கதவருகே உட்கார வைத்துவிட்டு, அவர் எழுதமாட்டார் என்று எண்ணியவர்களை என்னவென்பது?

2023 செப்டம்பரில், 78-வது வயதில் அவர் காலமானார். அவர் காரியதரிசியாயிருந்த கடைசி வருஷமான 2014-ல், நம் நாட்டுக் கைலாஷ் சத்யார்த்தியும் பாகிஸ்தானத்துச் சிறுமி மலாலாவும் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கமிட்டியின் பத்திரங்கள் ஐம்பது வருஷம் பூட்டியிருக்க வேண்டுமென்பது விதி. அந்த வருஷத்துப் பெட்டியை நம் பேரக்குழந்தைகள்தான் திறந்து பார்ப்பார்கள்.