பாமாயிலில் ஓடுமா பழைய டீசல் வண்டி?

"அண்ணே, பழைய டீசல் வண்டியில பாமாயில் ஊத்துனா ஓடுமாமே?" கீழப்பழுவூர் டீக்கடை பெஞ்சில் அவ்வப்போது வந்து விழும் கேள்வி இது. கேட்பவர் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார். ரேஷனில் பாமாயில் 25 ரூபாய். பங்க்கில் டீசல் 90-ஐத் தாண்டி நிற்கிறது.

ஓடும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உடுப்பி ஸ்ரீனிவாசா, புங்க எண்ணெயில் ஜெனரேட்டரை ஓட்டி, கர்நாடகக் கிராமத்தில் தண்ணீர் இறைக்க வழி செய்தார்.

எண்ணெய் எரியும், இன்ஜினுக்குள் போய்ச் சேருவதில்தான் சிக்கல். டீசலைவிட அது ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. நாசில் அதை நுண்துளிகளாகத் தூவ முடியாமல் பெருந்துளிகளாகத் துப்பும். பாதி எரியும், மீதி கரியாகி நாசில் முனையிலும் பிஸ்டன் ரிங்கிலும் ஒட்டும். கொஞ்சம் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலையும் கூழாக்கும்.

அதனால் ஐரோப்பாவில் எண்ணெயில் ஓட்டியவர்கள் வண்டியில் இரண்டு டேங்க் வைத்தார்கள். டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜினின் சுடுநீரைக் குழாயில் கொண்டுவந்து எண்ணெயைச் சூடாக்கி, இளகிய பிறகே மாற்றுவார்கள். வண்டியை நிறுத்துமுன் மறுபடி டீசலுக்கு வந்து பைப்பைக் கழுவிவிடுவார்கள். அதையும் பழைய மெர்சிடிஸ், அம்பாசடர் வகை இன்ஜின்தான் தாங்கும். இன்றைய காமன் ரெயில் வண்டியில் ஊற்றினால் இன்ஜெக்டருக்கே பெரும் தொகை வைக்க வேண்டிவரும்.

இனி குளிர். 'நம்மூரில் ஏது குளிர்?' என்பீர்கள். மார்கழியில் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்து உருக்குகிறோமே, அந்தக் குளிர் போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். இலுப்பை எண்ணெயும் சீக்கிரம் இறுகும். பாமாயில் கலங்கி, அடியில் வெள்ளையாகப் படியும். கடலை எண்ணெய் ஏறக்குறைய 3 டிகிரி வரை தாங்கும். நல்லெண்ணெய் அதற்கும் கீழே. நிறைவுற்ற கொழுப்பின் மூலக்கூறுகள் நேராக இருப்பதால் அடுக்கிய செங்கல்லாக நெருங்கி இறுகுகின்றன. மற்றவை வளைந்திருப்பதால் அப்படி நெருங்க முடிவதில்லை.

பாமாயில் ஊற்றிய வண்டி சித்திரையில் கீழப்பழுவூரிலிருந்து அரியலூர் போய்த் திரும்பிவிடும். அதே வண்டியை ஜனவரியில் ஊட்டிக்கு ஏற்றி, இரவு வெளியே நிறுத்திப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவு காலையில் ஃபில்டரை அடைத்து நிற்கும். டீசலுக்கே இந்தத் தொல்லை உண்டு. லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரியிலும் இறுகாத தனி டீசலையே இறக்கியது.

பஜ்ஜி சுட்ட எண்ணெயை ஊற்றலாமா என்றால், அதில் தண்ணீரும் உப்பும் மாவுத்துகளும் கிடக்கும். அதற்குச் சரியான வழி பயோடீசல் ஆலை. அங்கே மெத்தனாலும் காரமும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்து எண்ணெயை மெலிதாக்குகிறார்கள். அப்படிச் செய்தாலும் பாமாயிலின் பிறவிக்குணம் முழுதாகப் போகாது. அதன் பயோடீசல் 15 டிகிரியை ஒட்டியே கலங்கத் தொடங்கும். கடைகளின் பழைய எண்ணெயைத் திரட்டி ஆலைக்கு அனுப்பும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது. எண்ணெய் அந்த வழியில் போனால், அது மறுபடி நம் வடைச்சட்டிக்குத் திரும்பாது என்பதும் லாபம்.

ரேஷன் பாமாயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த 25 ரூபாய் அதன் விலை அல்ல. மீதியை அரசு கட்டுகிறது, ஏழை வீட்டு அடுப்புக்காக. அதைத் திருப்பி டேங்க்கில் ஊற்றுவது முறையல்ல. மானியம் இல்லாத எண்ணெயைக் கடையில் வாங்கினால் டீசலைவிட விலை கூடுதல். பெஞ்சில் போட்ட கணக்கு அங்கேயே உதைக்கிறது.

வயலில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகச் சூடாக ஓடும் இன்ஜினுக்குப் புங்க எண்ணெய் பொருந்தலாம். கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக நின்று நின்று போகும் காருக்குப் பொருந்தாது. ஊற்றியே தீருவேன் என்பவர், மார்கழி இரவில் ஒரு பாட்டில் எண்ணெயை மொட்டைமாடியில் வைத்துவிட்டு விடிந்ததும் பார்க்கட்டும். மெக்கானிக்கிடம் கேட்பதைவிட அது மலிவு.